தோசைக்கல் மேல் ஆன்டெனா: சூரமங்கலம் மாடியில் பிளாஸ்மா குமிழி பிடித்த பதிவு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குத் தெற்கே ஒரு பழைய இரும்புத் தோசைக்கல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் நடுவில் உள்ளங்கை அளவு கறுப்பு ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்று காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து மாலை ஆறு மணிக்குமேல் என் நேரம் பெரும்பாலும் இந்தத் தோசைக்கல்லோடுதான் போனது.

தொடங்கி வைத்தது ஒரு புகார். சேலம் சூரமங்கலத்தில் இன்வெர்ட்டர், யூபிஎஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரோடு வேலைக்கு இரவில் சர்வே எடுக்கும் தம்பி ஒருவர் பேட்டரி மாற்ற வந்தார். அவரிடம் இருந்தது சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஜிபிஎஸ் கருவி. "அண்ணா, பகலெல்லாம் ரெண்டு சென்டிமீட்டர்ல நிக்குது. ராத்திரி எட்டு மணி ஆச்சுன்னா ஃபிக்ஸ் போயிருது. பத்து மணிக்கு மேல தானா வந்துருது. மெஷின்ல கோளாறா?" என்று கேட்டார். ஃபிக்ஸ் என்றால் அந்தச் சென்டிமீட்டர் துல்லியம் நிலைத்து நிற்பது. சர்வீஸுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், அங்கே பகலில் சோதித்து 'ஒன்றும் இல்லை' என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

கோளாறு தினமும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போனால், கருவியைத் திறப்பதற்கு முன் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். இது என் தொழில் பழக்கம். அவர் நிற்கும் இடத்தைச் சுற்றிலும் எதுவும் இல்லை. தேடித் தேடிப் படித்ததில், காரணம் அவர் தலைக்கு மேலே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அதை நானே பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. அப்படி உண்டானதுதான் அயனிமண்டலம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் அலை இதைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். எலக்ட்ரான் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தாமதம். தாமதம் அலைவெண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இருப்பதால், ஒரே செயற்கைக்கோளின் இரண்டு அலைகளை ஒப்பிட்டால் வழியில் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்குப் போடலாம். ஜிபிஎஸ்ஸின் எல்1 அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், எல்2 அலை 1227.60 மெகாஹெர்ட்ஸ். அலை வரும் வழியில் ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள தூணில் 10-இன் 16-ஆம் அடுக்கு எலக்ட்ரான் இருந்தால் அது ஒரு டெக் (மொத்த எலக்ட்ரான் அளவு) அலகு. ஒரு டெக் அலகுக்கு எல்1-இல் 16 சென்டிமீட்டர் பிழை வரும், இரண்டு அலைகளுக்கும் இடையே பத்தரை சென்டிமீட்டர் வித்தியாசம் தெரியும்.

இது பகல் கதை. தம்பியின் பிரச்சினை இரவுக் கதை, அதற்குத் தென்தமிழ்நாட்டு வானம் உலகிலேயே முக்கியமான இடங்களில் ஒன்று. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப் புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணமே அதுதான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதியில் சூரியன் மறைந்ததும் மின்புலம் ஒன்று சற்று நேரம் வலுத்து அயனிமண்டலத்தை மேலே தூக்கிவிடுகிறது. அடிப்பகுதியில் எலக்ட்ரான்கள் வேகமாக அயனிகளோடு சேர்ந்து மறைந்துபோகின்றன. அடர்த்தியான அடுக்கு மேலே, காலியான அடுக்கு கீழே. குடத்தின் அடியில் எண்ணெயும் மேலே தண்ணீரும் இருந்தால் என்ன ஆகும்? எண்ணெய் குமிழி குமிழியாக மேலேறும். எலக்ட்ரானும் அயனியும் கலந்த இந்த வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதுபோலக் காலியான பிளாஸ்மா அடர்ந்த பகுதிக்குள் குமிழியாகக் கிளம்புகிறது. காந்தக் கோடுகளின் வழியே வடக்கு தெற்காக ஆரஞ்சுச் சுளை போல நீண்டு, அப்படியே கிழக்கு நோக்கி நகர்கிறது. அதன் ஓரங்களில் உள்ள பிசிறுகள் வழியாக வரும் அலை, நட்சத்திரம் மினுக்குவதுபோல ஏறி இறங்குகிறது. ஆங்கிலத்தில் சின்டிலேஷன் என்பார்கள், இங்கே மினுக்கம் என்றே எழுதுகிறேன்.

மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர். நம் பக்கம் மினுக்கத்தின் பருவம் இவைதான். சம இரவு நாட்களை ஒட்டி, சூரியன் மறையும் எல்லைக்கோடு காந்தக் கோடுகளோடு ஒட்டி நிற்கும். ஒரு காந்தக் கோட்டின் இரு கால்களும் ஒரே நேரத்தில் இருட்டுக்குள் போகும், குமிழி கிளம்ப அது தோது. போதாததற்கு, சூரியனின் சுறுசுறுப்பு ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சுழற்சிகளில் 25-ஆவது அப்போது உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தள்ளிப்போடக் கூடாது என்று வேலையில் இறங்கினேன்.

சர்வே தம்பியே தன்னிடம் உபரியாக இருந்த யு-பிளாக்ஸ் இசட்இடி-எஃப்9பி என்ற ஜிபிஎஸ் ரிசீவர் போர்டு ஒன்றைத் தந்தார். இரண்டு அலைவெண்களும் வாங்கும், பதப்படுத்தாத அளவீடுகளைத் தரும். பதிவு செய்ய ராஸ்பெரி பை என்ற பழைய குட்டிக் கணினி, அதில் ஜிபிஎஸ் அளவீடுகளைக் கையாளும் ஆர்டிகேலிப் மென்பொருள். ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தட்டு வேண்டும், இல்லாவிட்டால் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து வரும். சேலத்துக்காரனுக்குத் தட்டுக்கா பஞ்சம் என்று சமையலறையிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துப் போனேன். ஆன்டெனாவின் காந்தம் ஒட்டவே இல்லை. நல்ல எவர்சில்வரில் காந்தம் பிடிக்காது என்பது தெரிந்த விஷயம்தான், கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏன் கண்ணு, அந்தப் பழைய தோசைக்கல்லு சும்மாத்தான கெடக்கு, அதுல வெச்சுப் பாரேன்" என்றார். வைத்தேன். டப்பென்று பிடித்துக்கொண்டது. ஓரடி அகல வட்டம், காற்றுக்கு அசையாத கனம், வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்ததால் துருவும் மெதுவாகத்தான் ஏறும். கவிழ்த்து வைத்ததால் மழைத்தண்ணீரும் நிற்காது.

மாடியிலிருந்து வடகிழக்கே பார்த்தால் சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கத்து வானம் மறைகிறதே என்று கவலைப்பட்டேன், தேவையில்லாத கவலை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 55 டிகிரி சாய்வில் சுற்றுவதால், சேலத்திலிருந்து நேர் வடக்கே 35 டிகிரி உயரத்துக்குக் கீழ் ஒன்றுகூட வராது. நாம் பார்க்க வேண்டிய வானம் தெற்கிலும் உச்சியிலும் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் பதிவில் பொத்தல் பொத்தலாக விடுபட்டிருந்தது. விநாடிக்கு ஐந்து முறை பதியச் சொல்லியிருந்தேன். மினுக்கத்தை உண்டாக்கும் பிசிறுகள் சில நூறு மீட்டர் அளவு, அவை விநாடிக்கு நூறு மீட்டர் நகர்ந்தால் ஏற்ற இறக்கம் மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை வரும், அதைச் சரியாகப் பிடிக்க இந்த வேகம் வேண்டும். ஆனால் போர்டின் சீரியல் கம்பி தொடக்க அமைப்பில் 38,400 பாட்தான், விநாடிக்கு 3,840 பைட்டுக்குமேல் போகாது. எனக்கோ எட்டாயிரம் பைட் வந்துகொண்டிருந்தது. யுஎஸ்பிக்கு மாற்றினேன், பொத்தல் போயிற்று.

கணக்கு சுலபம். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலிமையையும் போர்டு டெசிபலில் தருகிறது. அதை நேர் எண்ணாக மாற்றி, ஒரு நிமிடத் துண்டு எடுத்து, அதன் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் எஸ்4 என்ற எண் வரும். அமைதியான வானத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பலத்த மினுக்கத்தில் ஒன்றை நெருங்கும். ஒரு குறை உண்டு: இந்தப் போர்டு வலிமையை முழு டெசிபலாகத்தான் சொல்லும், 41, 42 என்று. அதற்குமுன் கொஞ்சம் சராசரியும் எடுத்துவிடுகிறது. ஆய்வகக் கருவிகள் விநாடிக்கு 50 முறை அளக்கின்றன. அதனால் என் எஸ்4 உண்மையானதைவிடக் குறைவாகவே இருக்கும். 0.3-க்குக் கீழே வந்த எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் முதல் வாரம். மாலை 7:42-க்கு 17-ஆம் எண் செயற்கைக்கோளின் வரைபடம் ஆட ஆரம்பித்தது. மேற்கே, ஏறத்தாழ 20 டிகிரி உயரம். பதின்மூன்று நிமிடம் ஆடிவிட்டு நின்றது. எஸ்4 0.4. உடனே சர்வே தம்பிக்குப் படம் அனுப்பினேன். மறுநாளும் வந்தது, 7:38-க்கு. அதற்கு மறுநாள் 7:34. ஆடும் விதம்கூட அச்சு அசல் அப்படியே: முதலில் இரண்டு அகன்ற ஏற்ற இறக்கம், அப்புறம் நெருக்கமாக ஐந்தாறு.

நாளுக்கு நான்கு நிமிடம் முன்னால் வருகிறது என்பதைக் கவனித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வானத்தில் அதே இடத்துக்கு 23 மணி 56 நிமிடத்தில் திரும்பி வரும். வானத்துக் குமிழிக்கு இந்தக் கணக்கு தெரியாது. சூரியன் மறைவதை ஒட்டித்தான் அது கிளம்பும், ஒருநாள்போல் மறுநாள் இருக்காது. நான்கு நிமிடக் கணக்கைப் பின்பற்றினால், செயற்கைக்கோள் அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கோணத்தில் அலையைத் திருப்பி அடிக்கும் ஒரு பொருள் பக்கத்தில் அசையாமல் இருக்கிறது என்று அர்த்தம். டார்ச் எடுத்துக்கொண்டு மாடியின் மேற்கு ஓரத்துக்குப் போனேன். பக்கத்துத் தறிக் கொட்டகையின் புதுத் தகர ஷீட் கூரை, எங்கள் மாடிக்கு ஆறடி கீழே, பளபளவென்று இருந்தது. செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் அலையும், தகரத்தில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் அந்த ஆட்டத்தைத் தந்திருக்கின்றன.

முழுதாக உறுதி செய்ய அந்தச் செயற்கைக்கோளை மட்டும் தொடர்ந்து விட்டுவைத்தேன். மூன்று வாரம் கழித்து அதே ஆட்டம் 6:18-க்கு வந்தது. சூரியன் இன்னும் மறையவில்லை. சந்தேகம் தீர்ந்தது. பத்தடி ஜிஐ பைப்பை டேங்கின் தூணில் கட்டி அதன்மேல் தோசைக்கல்லை ஏற்றலாமா என்று யோசித்தேன், கழன்று விழுந்தால் கீழே ஆள் நடமாட்டம். அதனால் தெற்குப் பக்கமாக நகர்த்தி வைத்ததோடு, 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் செயற்கைக்கோள்களை கணக்கிலிருந்தே நீக்கிவிட்டேன். இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு மாலைப் பதிவை நம்பாதீர்கள். மறுநாள் பதிவை நான்கு நிமிடம் தள்ளி அதன்மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அது உங்கள் கூரை.

ஏப்ரலில் பெய்த முதல் கோடை மழையில் இன்னொரு சிக்கல். எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே நேரத்தில் ஆறு டெசிபல் இறங்கி அப்படியே நின்றன. குமிழியாக இருந்தால் ஒன்றிரண்டில்தான் தெரியும், எல்லாம் சேர்ந்து இறங்கினால் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். நீட்டிப்புக் கம்பி சேரும் இணைப்பைக் கழற்றினேன். நடு ஊசியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. ஆன்டெனாவுக்கு மின்சாரமும் அதே கம்பியில் போவதால், உள்ளே போன ஈரம் ஒரே இரவில் ஊசியை அரித்திருக்கிறது. புது இணைப்பு போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கம்பியைக் கீழே ஒரு வளையம் விட்டுக் கட்டினேன்.

இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருக்கும், அதில் தெரியும் மாற்றம் குமிழி நகர்ந்ததாலா, செயற்கைக்கோள் நகர்ந்ததாலா என்று பிரிப்பது தலைவலி. நமக்கு ககன் இருக்கிறது. விமானங்களுக்கு வழிகாட்டத் திருத்தம் அனுப்பும் நம் நாட்டு ஏற்பாடு. அதன் செயற்கைக்கோள்கள் புவிநிலைச் சுற்றுப்பாதையில் அசையாமல் நின்று, ஜிபிஎஸ்ஸின் அதே எல்1 அலைவெண்ணில் பேசுகின்றன. ஜிசாட்-8 கிழக்குத் தீர்க்கரேகை 55 டிகிரியில், எண் 127. ஜிசாட்-10 83 டிகிரியில், எண் 128. போர்டில் இவற்றைப் பதியும்படி அமைத்துவிட்டால் போதும்.

சேலத்திலிருந்து 127 மேற்குத் தென்மேற்கே 60 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 128 தெற்கே சற்றுக் கிழக்காக 75 டிகிரியில். ஒவ்வொன்றிலிருந்தும் என் மாடிக்கு ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு 350 கிலோமீட்டர் உயரத்தை எங்கே துளைக்கிறது என்று தாளில் கணக்குப் போட்டேன். விடையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு புள்ளிகளும் சேலத்துக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தெற்கே, ஒரே நேர்க்கோட்டில். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே, இடையில் 210 கிலோமீட்டர். குமிழியோ வடக்கு தெற்காக நீண்டு கிழக்கே நகர்வது. முதலில் 127-ஐ மறைத்துவிட்டு, பிறகு 128-க்கு வர வேண்டும். நெடுஞ்சாலையில் இரண்டு இடத்தில் ஆளை நிறுத்தி பஸ்ஸின் வேகத்தைக் கண்டுபிடிப்பது மாதிரி.

மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை. 6:30-க்குச் சூரியன் மறைந்தாயிற்று. 350 கிலோமீட்டர் உயரத்தில் வெளிச்சம் மறைய இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். 7:51-க்கு 127 ஆட்டம் கண்டது. 43 டெசிபலில் நேர்க்கோடாக வந்துகொண்டிருந்தது சட்டென்று 38, 45, 33 என்று குதித்தது. அதே நேரத்தில் 128-இன் கோடு சலனமே இல்லாமல் இருந்தது. நான் 128-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், தட்டை மாடிக்கே கொண்டுவந்துவிட்டேன். எட்டே கால் ஆயிற்று. 8:23-க்கு 128-இன் கோடு கிழிந்தது.

32 நிமிடம், 210 கிலோமீட்டர். விநாடிக்கு 109 மீட்டர். மாலை நேரத்தில் குமிழிகள் விநாடிக்கு நூறு மீட்டரை ஒட்டிக் கிழக்கே நகரும் என்று படித்திருந்த எண்ணை, என் மாடியிலிருந்தே பார்த்துவிட்டேன். எல்லா மாலையும் இப்படி அமையவில்லை. சில நாள் ஒன்றும் வராது. சில நாள் குமிழி இரண்டு புள்ளிகளுக்கும் நடுவிலேயே பிறந்து 128-இல் மட்டும் தெரியும். சில நாள் மூன்று நான்கு வரிசையாக வந்து, எது எதனோடு சேர்ந்தது என்றே தெரியாது. தெளிவாக ஜோடி சேர்ந்த மாலைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தியது. 127-இல் பார்த்ததும் 128-இல் பார்த்ததும் ஒரே குமிழிதானா? அரை மணி நேரத்தில் பழையது கரைந்து புதியது வந்திருக்கலாம். இடைவெளி சிறிதாக இருந்தால் இந்தச் சந்தேகம் குறையும். அதற்குத்தான் ஏற்காடு. அங்கே மாமா ஒரு காபித் தோட்டத்தில் இருக்கிறார். சூரமங்கலத்துக்கும் அவர் இடத்துக்கும் கிழக்கு மேற்காக மட்டும் பார்த்தால் பத்து கிலோமீட்டர் சொச்சம். மலை உயரம் 1,500 மீட்டர் என்பது இந்தக் கணக்கில் ஒன்றும் செய்யாது, அளக்கும் பொருள் அதைவிட இருநூறு மடங்குக்குமேல் உயரத்தில் இருக்கிறது.

எல்1 மட்டும் வாங்கும் நியோ-எம்8டி போர்டு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, ஒரு இரும்புத் தகட்டோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். முதல் இரவு வீட்டு வாசலில் வைத்தது வீண். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் காற்றில் ஆடும்போதெல்லாம் சிக்னலும் ஆடியது. மாமாதான் இடம் காட்டினார். "மாப்ள, களம் இப்ப சும்மாத்தான் கெடக்கு. நடுவுல வெச்சுக்க. ஆடு மாடு வராம நான் பாத்துக்கறேன்." காபி உலர்த்தும் சிமென்ட் களம். பறிப்பு முடிந்துவிட்டதால் காலி, சுற்றிலும் மரம் தள்ளித்தான் இருந்தது, தெற்கு வானம் முழுக்கத் திறந்திருந்தது.

இரண்டு கருவிகளும் ஜிபிஎஸ் நேரத்திலேயே பதிவதால் கடிகாரத்தைச் சரிசெய்யும் வேலை இல்லை. ஒரு நிமிடத் துண்டு இங்கே பெரிது என்பதால் பத்து விநாடித் துண்டுகளாகக் கணக்கிட்டேன். தோட்டத்தில் இருந்த நான்கு இரவுகளில் இரண்டில் 128 மினுக்கியது. முதல் இரவில் சூரமங்கலத்தில் 8:14:10-க்கு ஆரம்பம், களத்தில் 8:15:50-க்கு. நூறு விநாடி. விநாடிக்கு நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. இரண்டாவது இரவில் ஆரம்பம் மெதுவாக ஏறியதால் 80 விநாடியிலிருந்து இரண்டு நிமிடம்வரை எப்படியும் படிக்கலாம், அதை வைத்து வேகம் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இரவிலும் சூரமங்கலம் முன்னால், ஏற்காடு பின்னால். வரிசை மாறவில்லை.

சர்வே தம்பிக்கு இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். 127-இல் எஸ்4 0.4-ஐத் தாண்டினால் அவர் போனுக்குச் செய்தி போகும். குமிழி மேற்கிலிருந்து வருகிற நாளில் அவருக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் கிடைக்கிறது. முக்கியமான புள்ளிகளை அதற்குள் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

பகல் நேர டெக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை. மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஏறி, விடியலுக்கு முன் அடிமட்டத்துக்கு இறங்கும் வடிவம் அழகாக வருகிறது. ஆனால் போர்டு தனக்குள்ளேயே இரண்டு அலைகளுக்கும் இடையில் சேர்க்கும் தாமதத்தைக் கழித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஏற்காட்டுக் கருவியைக் கழற்றவில்லை. செப்டம்பர், அக்டோபர் பருவத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பரில் பறிப்பு தொடங்கினால் மாமாவுக்குக் களம் வேண்டும், அதற்குள் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.